தள்ளுபடியான கடனும் 982-ஆம் படிவமும்

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்காவில் வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் தொழிலுக்கு வந்துவிட்டாய். பிப்ரவரி பிறந்ததும், கடன் தள்ளுபடியைத் தெரிவிக்கும் 1099-சி படிவத்தோடு யாராவது உன் எதிரில் வந்து உட்காருவார்கள். கிரெடிட் கார்டில் 10,000 டாலர் கடன் தள்ளுபடி ஆகியிருக்கும். "கையில் காசே வரவில்லை, இதற்கு எதற்கு வரி?" என்பார்கள். அடைக்காமல் கழிந்த கடனும் வருமானமே என்று 1931-இலேயே கிர்பி லம்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்.

சொன்ன கையோடு, கடன் தள்ளுபடியான சமயத்தில் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேள். கடன் சொத்தை மிஞ்சியிருந்தால் வரிச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு கைகொடுக்கும். மிஞ்சிய அளவுக்கு மட்டும். கடன் 42,000, சொத்து 35,000 என்றால் பற்றாக்குறை 7,000. தள்ளுபடியான 10,000-இல் 7,000-க்கு வரி கிடையாது. மீதி 3,000 வருமானத்தில் சேரும்.

தள்ளுபடிக்குச் சற்று முந்தைய நிலவரத்தைத்தான் பார்க்க வேண்டும். தேதி 1099-சியின் முதல் கட்டத்தில் இருக்கும். தள்ளுபடியாகும் கடனும் கடன் பட்டியலில் சேரும். காருக்கு அன்றைய சந்தை விலையைப் போடு, வாங்கிய விலையை அல்ல. 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பைப் பலர் சொல்லமாட்டார்கள். கடன் கொடுத்தவர் கைவைக்க முடியாத பணம் சொத்துக் கணக்கில் வராது என்று நினைப்பார்கள். அதுவும் வரும்.

இந்த விலக்கு தானாகக் கிடைக்காது. 982-ஆம் படிவத்தில் 1பி கட்டத்தில் குறியிட்டு, 2-ஆம் வரியில் தொகையை எழுதி, ரிட்டர்னோடு இணைக்க வேண்டும். திவால் வழக்கில் கழிந்த கடனுக்கு 1ஏ. விலக்கு இனாமும் அல்ல: அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் நஷ்டம், சொத்தின் அடக்க விலை போன்றவை இருந்தால் ஈடாக அவற்றைக் குறைக்க வேண்டும். அதற்கான இடம் படிவத்தின் இரண்டாம் பகுதி; அதை வெறுமனே விட்டுவிடாதே.

1099-சியின் நகல் வரித் துறையான ஐஆர்எஸ் கையிலும் இருக்கும். காட்டாமல் விட்டால் நோட்டீஸ் வரும். ஐஆர்எஸ்ஸின் 4681-ஆம் வெளியீட்டில் உள்ள கணக்குத் தாளை நிரப்பி, வங்கி ஸ்டேட்மென்டுகளோடு கோப்பில் வைத்துக்கொள்.

கடனில் மூழ்கியவர்கள் கூச்சத்தில் பாதியைத்தான் சொல்வார்கள். அவசரப்படுத்தாமல் ஒவ்வொன்றாகக் கேள். முழுக் கணக்கும் தெரிந்த பிறகே கையெழுத்துப் போடு.

அன்புடன்,
உன் அண்ணன்