முதல் குழந்தை ஆபரேஷன், அடுத்தது சுகப்பிரசவமா? வலியைக் குறைக்கும் வழிகள்



முதல் குழந்தை ஆபரேஷனில் பிறந்தால் அடுத்ததும் ஆபரேஷன்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். எல்லோருக்கும் அப்படி இல்லை. டாக்டர் சரி என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் முயன்று பார்க்கும் 100 தாய்மார்களில் சுமார் 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது.

ஆனால் பலர், "அந்த வலியைத் தாங்க முடியாதுங்க டாக்டரம்மா, கீறியே எடுத்துடுங்க" என்கிறார்கள். எந்தப் பிரசவம் என்று முடிவு செய்வது உங்கள் உரிமை. ஆனால் வலிக்குப் பயந்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். வலியைக் குறைக்க வழி உண்டு.

யார் முயலலாம்?

முன்பு கர்ப்பப்பையின் கீழ்ப்பாகத்தில் குறுக்காகக் கீறியிருந்தால் பெரும்பாலும் முயலலாம். தோலில் தெரியும் தழும்பைப் பார்த்து உள்ளே எப்படிக் கீறினார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை டாக்டரிடம் காட்டுங்கள். மேலே நெடுக்காகக் கீறியிருந்தாலும், நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடியிருந்தாலும் ஆபரேஷன்தான் நல்லது. முந்தைய பிரசவத்துக்கும் இந்தப் பிரசவத்துக்கும் 18 மாத இடைவெளிகூட இல்லாவிட்டால் ஆபத்து கூடும்.

முயல்பவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்குப் பழைய தழும்பு பிரிந்துவிடலாம். அப்போது உடனே ஆபரேஷன் செய்தால்தான் தாயும் பிள்ளையும் பிழைப்பார்கள். ஆகையால் ஆபரேஷன் அறை, இரத்தம், மயக்க டாக்டர் மூன்றும் உள்ள ஆஸ்பத்திரியில்தான் முயல வேண்டும். வீட்டில் கூடவே கூடாது.

இரண்டு ஊசியும் ஒன்றல்ல

"வலி ஊசி" என்று பொதுவாகச் சொல்லுகிறோம். வலியை வரவழைக்கும் ஊசி வேறு, வலியைக் குறைக்கும் ஊசி வேறு. வரவழைக்கும் ஊசி பழைய தழும்பு பிரியும் ஆபத்தைக் கூட்டும். டாக்டர் அருகிலிருந்து, அளவு பார்த்துத்தான் அதைக் கொடுக்க வேண்டும். "சீக்கிரம் ஆகட்டும்" என்று வெளியே யாரிடமும் ஊசி, மாத்திரை வாங்காதீர்கள்.

வலியைக் குறைக்கும் வழிகள்

1. மருந்தில்லாத வழி: நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருப்பது, நடப்பது, இடுப்பையும் முதுகையும் நீவி விடுவது, வெந்நீர் ஒத்தடம், மெதுவாக மூச்சு விடுவது. இவற்றை எல்லோரும் செய்யலாம். வயிற்றை மட்டும் யாரும் அமுக்கக் கூடாது.

2. மூச்சில் இழுக்கும் வாயு: சில ஆஸ்பத்திரிகளில் உண்டு. வலி வரும்போது தாயே முகமூடியைப் பிடித்து இழுக்க வேண்டும். சற்றுத் தலை சுற்றலாம், குமட்டலாம். நிறுத்தியதும் சீக்கிரம் தெளிந்துவிடும்.

3. சதையில் போடும் ஊசி: வலி ஓரளவு குறையும். தூக்கமும் குமட்டலும் வரலாம். பிரசவ நேரம் நெருங்கியபின் போட்டால் குழந்தையின் மூச்சு மந்தப்படலாம். ஆகவே நேரம் பார்த்துப் போடுவார்கள்.

4. முதுகில் போடும் மருந்து: மயக்க டாக்டர் இடுப்புப் பக்கம் மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்துவார். வலியை அதிகம் குறைப்பது இதுதான். தாய்க்கு நினைவு தப்பாது. இரத்த அழுத்தம் குறையலாம், கால் மரத்துப் போகலாம், குழந்தை வெளிவரும் நேரம் சற்று நீளலாம். சிலருக்குப் பின்னர் தலைவலி வரும். "காலத்துக்கும் முதுகுவலி வரும்" என்ற பேச்சு உண்மையில்லை. திடீரென்று ஆபரேஷன் தேவைப்பட்டால் பெரும்பாலும் அதே குழாய் வழியாக மருந்து கொடுத்துச் செய்துவிடலாம்.

"வலியை மறைச்சிட்டா தழும்பு பிரியறது தெரியாமப் போயிடாதா?"

நல்ல கேள்வி. தழும்பு பிரியும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது குழந்தையின் இதயத் துடிப்பு. அதனால்தான் வலி தொடங்கியதிலிருந்து அதை விடாமல் கவனிக்கிறார்கள். பட்டை கட்டிப் பார்ப்பதைத் தொல்லை என்று கழற்றச் சொல்லாதீர்கள். முன்பு ஆபரேஷன் ஆனவர்களும் முதுகில் போடும் மருந்தைக் கேட்கலாம்.

உடனே நர்சிடம் சொல்ல வேண்டியவை:

• வலி விட்டு விட்டு வராமல் ஓயாமல் இருந்தால்
• தழும்பு இருக்கும் இடத்தில் தனியாக வலித்தால்
• மருந்து போட்ட பிறகும் புதிதாகக் கடும் வலி வந்தால்
• வந்துகொண்டிருந்த வலி திடீரென்று நின்றால்
• இரத்தம் போனால், மயக்கம் வந்தால்

"சும்மா கத்தறா" என்று குடும்பத்தார் அடக்க வேண்டாம். அந்தப் பேச்சுதான் உயிருக்கு ஆபத்து.

கணவர் செய்ய வேண்டியது

எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லா வழியும் கிடைக்காது. எட்டாம் மாதமே மனைவியுடன் போய், "இங்கே என்ன வலி மருந்து உண்டு? ராத்திரியிலும் மயக்க டாக்டர் இருப்பாரா?" என்று கேளுங்கள். வலி தொடங்கியதும் காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். விருப்பமான ஒருவர் பிரசவத்தின்போது தாயின் கூடவே இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் சொல்லியிருக்கிறது. யார் கூட இருப்பது என்பதை மனைவியே சொல்லட்டும்.

முயன்றும் முடியாமல் ஆபரேஷன் செய்ய நேர்ந்தால் அது தோல்வியல்ல. வலி மருந்து கேட்பதும் வெட்கமல்ல. இந்தச் சீட்டையும் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஒன்றாக வைத்திருங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார நர்சைக் கேளுங்கள்.