லயத்தை விட்டுப் புறப்படும் முன்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு வீடு தேடும் அலைச்சல் இருந்ததில்லை. பெயர் பதிந்த அன்றே கிராணியார் லயத்தில் ஒரு வீட்டைக் காட்டிவிடுவார். தண்ணீர்க் குழாய், ஆயாக் கொட்டகை, கோயில், தமிழ்ப்பள்ளி, கடை யாவும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். அண்டை வீட்டார் யார், எப்படிப்பட்டவர் என விசாரிக்க வேண்டியதில்லை. நாள்தோறும் பெரட்டில் பார்க்கும் முகங்களே அவை. வேலையோடு வீடும், வீட்டோடு ஊரும் சேர்ந்தே வந்தன. ஆகவே, குடியிருக்க ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நம் பெற்றோருக்குத் தேவைப்படவில்லை. நமக்கும் அவர்கள் அதைக் கற்றுத் தரவில்லை.

இன்று கோல சிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் நிலைமை வேறு. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்துப் பழகிய ஊர் 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் பெற்றது. அதற்கு அருகிலுள்ள தெனமாரம் தோட்டத்தில்தான் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனையை நட்டார். அன்று தொடங்கிய மாற்றம் பிற்காலத்தில் விரைவடைந்தது. ரப்பர் நின்ற பல இடங்களில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற சில இடங்களில் தாமான்களும் தொழிற்சாலைகளும் எழுந்தன. 2011இல் ஈஜோக்கையும் ரவாங் பக்கத்தையும் இணைக்கும் லாத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது, தூரம் சுருங்கிற்று. நம் பிள்ளைகள் ஷா ஆலாம், கிள்ளான், ரவாங் ஆகிய இடங்களுக்கு வேலைக்குப் போகின்றனர். குடும்பத்தோடு பெயர்ந்து செல்வோரும் உளர்.

அவ்வாறு செல்வோரில் பெரும்பாலோர் இரண்டே வழிகளில் வீடு பிடிக்கின்றனர். உறவினர் ஒருவர் சொன்ன இடம், அல்லது எல்லாவற்றிலும் வாடகை குறைந்த இடம். உறவினர் சொல்லைத் தள்ள வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆயினும் அவருக்குப் பொருந்திய இடம் நமக்கும் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. வாடகை குறைந்த வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

வாடகை என்பது செலவின் ஒரு பகுதியே

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை கிடைத்துள்ளது. 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியே அவர் சம்பளம். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி பிடித்தம். சொக்சோ முதலியனவும் போகக் கையில் வருவது ஏறக்குறைய 1,500. தொழிற்சாலைக்கு அருகில் ஒரு வீடு 600 வெள்ளிக்கும், நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் நம் வட்டாரத்திலேயே ஒரு வீடு 350 வெள்ளிக்கும் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மாதம் 250 வெள்ளி மிச்சம் என்று மனம் உடனே கணக்குப் போடும்.

இனி மோட்டார் சைக்கிளைக் கணக்கில் சேர்ப்போம். போகவர நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர். மாதம் 26 நாள் வேலை என்றால் 2,080 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 52 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 2 வெள்ளி என்று கொண்டால் 104 வெள்ளி. டயர், சங்கிலி, எண்ணெய் மாற்றுதல் ஆகியவற்றுக்கு மாதம் 60 வெள்ளியேனும் ஒதுக்க வேண்டும். ஆக, 250 வெள்ளி மிச்சம் என்று தோன்றியது 86 வெள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. அந்த 86 வெள்ளிக்காக அவர் மாதம் 52 மணி நேரம் சாலையில் இருக்கிறார். மழையிலும் இருட்டிலும், கனரக லாரிகளுக்கு நடுவிலும். இரவு முறை வேலை முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வண்டியோட்டி வீடு திரும்புவதன் ஆபத்தை எந்த வெள்ளிக் கணக்கில் எழுதுவது?

இதனால் எப்போதும் வேலையிடத்துக்கு அருகிலேயே குடியேற வேண்டும் என்று பொருளில்லை. ஒருவர் மட்டும் உழைக்கும் குடும்பத்தில் 600 வெள்ளி வாடகை என்பது கைக்கு வரும் பணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. வாடகை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மளிகைக் கடையில் கடன் புத்தகம் திறக்க வேண்டி வரும் என்பது நம் கருத்து. நடுவழி ஒன்றும் உண்டு. ரவாங், செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோல குபு பாரு, களும்பாங் ஆகிய ஊர்களில் கொமுட்டர் ரயில் நிற்கிறது. ரயில் நிலையத்துக்கு நடந்து செல்லும் தூரத்தில் வீடு கிடைத்தால், தொலைவு அவ்வளவு துன்பம் தருவதில்லை. கோல சிலாங்கூர், ஜெராம், தஞ்சோங் காராங் பக்கம் ரயில் இல்லை. அங்கிருந்து போகிறவர்கள் தொழிற்சாலைப் பேருந்து எந்தச் சந்திப்பில், எத்தனை மணிக்கு ஆளேற்றுகிறது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

முன்பணமும் பலரைத் திகைக்க வைக்கிறது. வழக்கமாக வீட்டுக்காரர் இரண்டு மாத வாடகையை வைப்புத் தொகையாகவும், தண்ணீர், மின்சாரத்துக்கென அரை மாத வாடகையையும், முதல் மாத வாடகையையும் சேர்த்துக் கேட்பார். 600 வெள்ளி வீட்டுக்கு இது 2,100 வெள்ளி. முதற் சம்பளம் வருவதற்கு முன்பே ஒரு மாதச் சம்பளத்துக்கு மேற்பட்ட தொகை தேவைப்படுகிறது. வட்டிக்கடைக்காரரிடம் சிலர் செல்வது இந்த நேரத்தில்தான்.

தோட்டம் மூடப்பட்டோ ஆட்குறைப்பினாலோ வேலை இழந்தவருக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஈட்டுத்தொகை உண்டு. ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை வேலை செய்தவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குப் பதினைந்து நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். பன்னிரண்டு ஆண்டு உழைத்தவருக்கு 240 நாள் சம்பளம் வரும். நாளுக்கு 65 வெள்ளி என்றால் 15,600 வெள்ளி. தாமாகவே விலகுகிறவருக்கு இது கிடையாது. ஆட்குறைப்பு வரப்போவதாகப் பேச்சு அடிபடும்போது அவசரப்பட்டு விலகல் கடிதம் கொடுத்துவிடாமல், முதலில் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ கலந்து பேசுவது நல்லது. கிடைக்கும் தொகையில் முதற் செலவாகத் தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அதை வாடகை முன்பணத்துக்கும் மூன்று மாதச் சாப்பாட்டுக்கும் முதலில் பிரித்து வைக்க வேண்டும்.

ஆறும் மேடும் சொல்லும் பாடம்

பாதுகாப்பு என்றவுடன் திருட்டையும் அடிதடியையும் மட்டுமே நினைக்கிறோம். தண்ணீரை மறந்துவிடுகிறோம். நம் தோட்டங்களை ஒட்டி ஓடிக் கோல சிலாங்கூரில் கடலில் சேரும் சிலாங்கூர் ஆற்றின் மேற்பகுதியில் பழைய கோல குபு என்னும் ஊர் இருந்தது. 1883இல் அங்கே அணை உடைந்து ஊர் அழிந்தது. மாவட்ட அதிகாரியாக இருந்த சிசில் ரேங்கிங் உட்படப் பலர் மாண்டனர். ஊர் மீண்டும் எழுந்தது. ஆனால் ஈயச் சுரங்கங்களின் மண் ஆற்றில் படிந்து படுகையை உயர்த்தியதால் வெள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் அரசாங்கம் ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்றியது. 1930களின் தொடக்கத்தில் அவ்வாறு உருவானதே இன்றைய கோல குபு பாரு. ஒரு முழு ஊர் இடம்பெயர வேண்டியிருந்தது என்றால், தாழ்ந்த நிலத்தில் ஒரு வாடகை வீடு என்ன செய்யும்?

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2021 டிசம்பர் 18இல் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கிள்ளான் ஆற்று நீர் புகுந்தபோது மக்கள் கூரைகளிலும் மாடிகளிலும் உதவிக்குக் காத்திருந்தனர். தாழ்வான இடம் என்பது வெயில் நாளில் வீடு பார்க்கப் போனவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே மழை நாளில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பெருமழை நின்று ஒரு மணி நேரம் கழித்துச் சாக்கடையில் நீர் ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். சுவரில் முழங்கால் உயரத்தில் நீண்ட கறை இருந்தால், மேலே புதுச் சாயம் பூசப்பட்டிருந்தாலும், கேள்வி கேட்க வேண்டும். வீட்டுக்காரரைவிட முனைக் கடைக்காரர் உண்மை சொல்லுவார், "தண்ணி எது வரைக்கும் வந்துச்சுங்க?" என்று கேட்டால் அவரே கையால் உயரத்தைக் காட்டுவார்.

பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே ராஜா மூசா வனத்தை ஒட்டிய பகுதிகளில் இன்னொரு தொல்லை உண்டு. அங்குள்ளது மட்கிய மரமும் தழையும் கலந்த சதுப்பு மண். கடும் வறட்சியில் நெருப்புப் பற்றினால் மண்ணுக்குள்ளேயே எரிந்து நாள்கணக்கில் புகையும். இளைப்பு நோயுள்ள குழந்தையோ முதியவரோ வீட்டில் இருந்தால் அப்பக்கம் குடியேறும் முன் நன்கு யோசிக்க வேண்டும். ஜெராமிலும் புக்கிட் தாகாரிலும் உள்ள குப்பை நிலங்களின் நாற்றம் காற்றடிக்கும் திசையைப் பொறுத்தது. ஒருநாள் போய்ப் பார்த்து முடிவு செய்ய இயலாது.

மலைச்சரிவும் அவ்வாறே. 1993 டிசம்பர் 11இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் ஒன்று சரிந்து 48 பேர் இறந்தனர். 2022 டிசம்பர் 16இல் நம் பத்தாங் காலி வட்டாரத்தில் முகாமிட்டிருந்த 31 பேரை மண்சரிவு கொண்டு போயிற்று. வீட்டின் பின்புறம் வெட்டப்பட்ட சரிவு இருந்து, அதிலிருந்து மழை நின்ற பின்னும் சேற்று நீர் கசிந்தால், எவ்வளவு மலிவாயினும் அந்த வீடு வேண்டாம்.

கட்டடத்தையும் பார்க்க வேண்டும். புத்ராஜெயாவை அமைக்க நிலம் எடுக்கப்பட்டபோது பிராங் புசார் முதலிய தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குச் சென்றன. அக்கட்டடங்களில் விரிசல்கள் தோன்றின. மாற்று வீடுகளுக்காக அம்மக்கள் பல்லாண்டுகள் போராட நேர்ந்தது. அவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம் இருக்கவில்லை. நமக்கு வாய்ப்பு இருக்கும்போது படிக்கட்டு, தூண், கூரை ஒழுக்கு ஆகியவற்றைப் பார்க்காமல் கையெழுத்திடுவது சரியன்று. மின்தூக்கி இல்லாத நான்காம் மாடியில் முட்டுவலிக்காரத் தாயாரைக் குடியமர்த்தினால், அவர் வீட்டுச் சிறையில் இருப்பது போலத்தான்.

இரவிலும் ஒருமுறை

பட்டணத்துத் தாமான்களில் எல்லாம் குண்டர்கள்தான் என்று பயமுறுத்துவோர் தோட்டத்தில் உண்டு. அது மிகை. ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை அங்கே நடந்து பார்ப்பது பயன் தரும். தெருவிளக்குகள் எரிகின்றனவா? பெண்கள் அச்சமின்றிக் கடைக்குப் போகின்றனரா? பிள்ளைகள் திடலில் பந்து விளையாடுகின்றனரா, படிக்கட்டடியில் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றனரா? கூரைக் குழாயில் பசை மோந்த பிளாஸ்டிக் பைகள் கிடந்தால் அதற்குப் பொருள் உண்டு. குடியிருப்பாளர் சங்கமும் கோயில் நிர்வாகக் குழுவும் இயங்கும் இடத்தில் புதிதாக வந்தவர்க்கு விரைவில் நாலு பேர் பழக்கமாவர். இதை நாம் பெரிதாகக் கருதுகிறோம். தோட்டத்தை விட்டு வந்த பின் மிகவும் வாட்டுவது, காய்ச்சலில் கிடக்கையில் கஞ்சி வைத்துத் தர அடுத்த வீட்டில் ஆளில்லாமைதான்.

தமிழ்ப்பள்ளி எங்கே என்பதை வீடு பார்க்கும் நாளிலேயே கேட்க வேண்டும். வீடு பிடித்த பிறகு பள்ளி தேடினால், வேன் கட்டணம் மாதாமாதம் வாடகையோடு கூடிவிடும். தலைமையாசிரியரை நேரில் கண்டு இடம் உண்டா என்று கேட்டு வரலாம். வீட்டுத் தரகரை நம்பி இருக்க வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் வீட்டுக்காரர் உண்மையில் உரிமையாளர்தானா என்று அறிய மதிப்பீட்டு வரி ரசீதையோ மின்கட்டண பில்லையோ காட்டச் சொல்ல வேண்டும். ஐயமிருந்தால் நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பார்க்கலாம். கைப்பேசியில் படம் மட்டும் அனுப்பி, சாவியைக் காட்டாமல் முன்பணம் கேட்பவரிடம் ஒரு வெள்ளியும் கொடுக்கலாகாது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து முத்திரைக் கட்டணமும் செலுத்திவிட்டால் பின்னாளில் வழக்கு வந்தால் அது பேசும். வாடகை பாக்கி என்றாலும், நீதிமன்ற உத்தரவின்றி வீட்டுக்காரர் தாமே பூட்டை மாற்றிக் குடும்பத்தை வெளியேற்ற 1950ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தராது.

வந்தவுடன் வீடு வாங்கத் துடிப்போருக்கு ஒன்று சொல்வோம். ஓராண்டு, ஒரு முழு மழைக்காலம், வாடகைக்கே இருங்கள். அதற்குள் மாநில அரசின் ரூமா சிலாங்கூர்கூ திட்டத்தில் பெயர் பதிந்து வைக்கலாம். ஊழியர் சேமநிதியில் செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக்கென எடுக்கவும் வழியுண்டு.

இயன்றால் முதலில் ஒருவர் மட்டும் சென்று தொழிற்சாலை விடுதியிலோ உறவினர் வீட்டிலோ ஒரு மாதம் தங்கட்டும். குடும்பம் பள்ளித் தவணை முடிந்தபின் வரலாம். லயத்து வீட்டை எந்தத் தேதிக்குள் காலி செய்ய வேண்டும் என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புது வீட்டுக்குச் சென்ற முதல் வாரத்திலேயே புது முகவரியை முதலாளியிடம் பதிய வேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. முகவரி பழைய தோட்டத்திலேயே இருந்தால், நீங்கள் எந்த வழியில் சென்றீர்கள் என்பதை மெய்ப்பிப்பது மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவர்க்கு எளிதாயிராது.