வலி நின்ற பிறகும் பொறுத்திரு

கோத்தா திங்கி

அன்பு மருமகளே,

விடுதியிலிருந்து நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். "அத்தை, பாத எலும்பு விண்டு மூன்று வாரம்தான் ஆகிறது, வலியே இல்லை. ஓடலாமா?" என்று கேட்டிருக்கிறாய்.

வேண்டாம், கண்ணு. உன் வயதில் நான் இதை யாரிடமும் கேட்கவில்லை. வலி நின்ற மறுநாளே செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடினேன். அதே எலும்பு மறுபடி விண்டது. அந்த ஆண்டு முழுவதும் திடலின் ஓரத்தில் உட்கார்ந்து பிறர் ஓடுவதைப் பார்த்தேன்.

எலும்பு உயிருள்ளது. ஓயாமல் தன்னை இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும். பழையதை அரித்தெடுக்கச் சில வாரம் போதும். புதியதைக் கட்டி இறுக்க மாதக்கணக்காகும். வலி முதலில் அடங்கிவிடும், பலம் பிறகுதான் வரும். நீ இப்போது இருப்பது அந்த இடைவெளியில்.

எக்ஸ்ரேயை மட்டும் நம்பாதே. முதல் இரண்டு மூன்று வாரங்களில் அதில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ.தான் முன்கூட்டியே காட்டும். 1855-இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுந்தூரம் நடந்த சிப்பாய்களின் வீங்கிய, வலிக்கும் பாதங்களைப் பற்றி எழுதினார். அது எலும்பு முறிவு என்பது எக்ஸ்ரே வந்த பிறகு, 1897-இல்தான் தெரிந்தது. படம் பிடிக்குமுன்பே பாதம் சொல்லிவிட்டது. உன் பாதம் சொல்வதையும் தினமும் எழுதி வை.

ஒரு நோட்டு எடு. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் வலி எவ்வளவு? பத்துக்கு மதிப்பெண் போடு. விரிசல் விட்ட இடத்தை விரலால் அழுத்திப் பார், நோகிறதா? மாலையில் வீக்கம் உண்டா? எவ்வளவு நேரம் நடந்தாய்? என்ன சாப்பிட்டாய்? மாதவிடாய் தள்ளிப்போகிறதா? கூச்சப்படாமல் எழுது. ஓடும் அளவுக்குச் சாப்பிடாத பெண்களுக்கு மாதவிடாயும் தவறும், எலும்பும் மெலியும். பாலும் நெத்திலியும் தட்டில் இருக்கட்டும்.

உனக்கு விண்டிருப்பது இரண்டாவது விரலுக்கு நேரான மெட்டாடார்சல் எலும்பு. பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்தில் கூடும். நடுப்பாதத்தில் இருக்கும் நேவிக்குலர் எலும்பு அப்படியல்ல. ரத்த ஓட்டம் குறைவு, கூடுவது கடினம். கூடைப்பந்து வீரர் யாவ் மிங்குக்கு 2008-இல் இடது பாதத்தில் அதுதான் விண்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடினார். 2009-இல் அதே பாதம் மறுபடி முறிந்தது. 2011-இல், முப்பது வயதில் ஓய்வு பெற்றார். அவ்வளவு பெரிய மருத்துவக் குழு உடனிருந்தும் அவர் பாதம் அவரை ஆட விடவில்லை.

அழுத்தினால் நோகாமல், அரைமணி நேரம் வலியின்றி நடக்க முடிந்து, டாக்டரும் சம்மதித்த பிறகு தொடங்கு. ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை முதல் அடி நோகவில்லை என்றால்தான் அடுத்த படி. நொந்தால் ஒரு படி இறங்கு. ஓடத் தொடங்கும்வரை நீச்சல் போதும், ஆனால் நம்மூர் நீர்வீழ்ச்சியின் வழுக்குப் பாறைகள் பக்கம் போகாதே.

விடுமுறைக்கு வரும்போது பதக்கம் கொண்டுவர வேண்டாம், அந்த நோட்டைக் கொண்டு வா. நான் ஓடிப் பாதத்தைக் கெடுத்துக்கொண்ட அதே செம்மண் சாலையில் இருவரும் மெதுவாக நடப்போம்.

அன்புடன்,
அத்தை