கண்ணாடிக்குள் கொஞ்சம் காற்று

விருதுநகர் மாவட்டம் கான்சாபுரத்தில் தென்னந்தோப்பையும் மாந்தோப்பையும் தாண்டி மேற்கே பார்த்தால் மலை. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்று பெயர் பெற்றிருக்கும் காடு. இப்படிப்பட்ட அடிவாரங்களில், வயதான புளிய மரத்திலோ மாமரத்திலோ, பென்சில் பருமனில் வெளுத்த வேர்களைக் காற்றில் தொங்கவிட்டபடி வளரும் ஆர்க்கிட் செடி வாண்டா டெசலேட்டா. மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம் போட்ட இதழ்கள், நடுவில் நீலம் கலந்த உதடு, நல்ல வாசனை. பூக்காத நாளில் பார்ப்பவர்கள், “புல்லுருவி ஏறிருச்சு அண்ணாச்சி, வெட்டி விட்ருவோம்” என்று அரிவாளை எடுப்பதும் உண்டு.

அது புல்லுருவி அல்ல. புல்லுருவியின் வேர் கிளைக்குள் புகுந்து மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட்டின் வேரோ பட்டையின் மேலேயே நிற்கும். மரத்திடம் அது கேட்பது உட்கார ஓர் இடம் மட்டும்தான். தண்ணீர் மழையிலிருந்தும் பனியிலிருந்தும் வருகிறது. மற்ற நேரமெல்லாம் காற்று. இதைப் புரிந்துகொண்டால், வீட்டுக்குள் கண்ணாடிப் பெட்டியில் ஆர்க்கிட் வளர்ப்பவர்களிடம் உலவும் நம்பிக்கைகளில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

முதல் நம்பிக்கை: எவ்வளவு தெளிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

காய்ந்திருக்கும் வேர் ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சாம்பல் பூசியதுபோல் வெளிர் நிறம். கைத்தெளிப்பானால் இரண்டு தடவை அடித்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெண்மை மறைந்து பச்சை தெரிகிறது. வேரைச் சுற்றி உறைபோல் இருக்கும் வெலமன் என்னும் அடுக்கு, உயிரற்ற செல்களால் ஆன பஞ்சு. சீக்கிரம் குடிக்கும், மெதுவாக வேருக்குள் கொடுக்கும். பிறகு காய்ந்து மறுபடி காற்றை உள்ளே விடும். காயவே விடாமல் தெளித்துக்கொண்டிருந்தால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. முதலில் பழுப்பாகும், பிறகு விரலால் இழுத்தால் உறை கழன்று, உள்ளே நார் மட்டும் மிஞ்சும். அழுகல் கண்ட வேர் தண்ணீர் எடுக்காது, இலை சுருங்கும். சுருங்கிய இலையைப் பார்த்ததும் தாகம் என்று நினைத்து இன்னும் தெளிப்பார்கள். செடி சாவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள பெட்டியில் இருக்கும் காற்று, 30 டிகிரி செல்சியஸில் ஆவியாகத் தாங்கக்கூடிய தண்ணீர் 4 கிராமுக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டிகூட இல்லை! அதற்கு மேல் தெளிப்பதெல்லாம் காற்றின் ஈரப்பதமாக மாறுவதில்லை. கண்ணாடியிலும் இலைக் கக்கத்திலும் போய்த் தங்குகிறது. குருத்தில் தேங்கிய தண்ணீர் ஒரு ராத்திரி வெப்பமாக நின்றாலே பாக்டீரியா அழுகலுக்கு அழைப்பு. ஃபலனாப்சிஸ் வகை ஆர்க்கிட்டுக்கு இது எமன்.

அடுத்தது, மூடிய புட்டிதான் ஆர்க்கிட்டுக்கு உகந்தது என்பது. இதற்குப் பின்னால் ஒரு நிஜக் கதை உண்டு. 1829-இல் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை மண்ணோடு மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்திருந்தார். கவனித்தபோது, மண்ணில் பெரணி முளைத்திருந்தது. அதிலிருந்து பிறந்த ‘வார்டியன் பெட்டி’ கடல் கடந்து செடிகளைக் கொண்டுபோகப் பெரிதும் உதவியது. அது பெரணிக்கும் பாசிக்கும் பொருந்தும். மரத்தின் மேல் காற்றில் வாழும் செடிக்கு அதே விதி செல்லாது.

ஆங்கிலேயர்களே இதை நஷ்டப்பட்டுத்தான் கற்றார்கள். வெப்பமண்டலச் செடி என்றால் புழுக்கமான காடு என்று எண்ணி, கண்ணாடி வீட்டை இறுக மூடி, உள்ளே கொதிக்கக் கொதிக்க வைத்தார்கள். கப்பல் கப்பலாக வந்த ஆர்க்கிட்கள் அங்கே வெந்து செத்தன. 1830-களில் சாட்ஸ்வர்த் மாளிகைத் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் என்ற தோட்டக்காரர் வழியை மாற்றினார்: சூட்டைக் குறைத்தார், காற்றை உள்ளே விட்டார், செடியின் தலையில் ஊற்றுவதற்குப் பதில் தரையை நனைத்து ஈரத்தைக் கிளப்பினார். அவருடைய ஆள் ஜான் கிப்சன் 1835-இல் இந்தியாவுக்கு வந்து காசி மலைகளில் திரட்டிக்கொண்டு போன ஆர்க்கிட்கள் அங்கே பிழைத்துப் பூத்தன. இன்றைக்கு ஒரு சின்னப் பெட்டியில் செய்ய வேண்டியதும் அதேதான்.

ராத்திரியில் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் செடிக்குக் குளிரும் என்பது மூன்றாவது நம்பிக்கை. உண்மை நேர் எதிர். பகலில் 30 டிகிரியில் ஈரம் நிறைந்திருந்த பெட்டி, ராத்திரி 22-க்கு இறங்கும்போது ஏறக்குறைய ஒன்றரை கிராம் ஈரத்தைக் காற்றால் தாங்க முடியாமல் போகிறது. அது இலையில் பனியாக இறங்கும். அதோடு, மரத்தில் வாழும் ஆர்க்கிட்கள் பலவும் இலைத்துளைகளை இரவில்தான் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்கின்றன. ஆக, காற்று அதிகம் தேவைப்படும் நேரமே இரவுதான்.

விசிறி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கணினிக்குள் சுழலும் 12 வோல்ட் விசிறி போதும். அதையும் 9 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் சத்தமும் வேகமும் குறையும். செடிக்கு நேராக ஊதக் கூடாது. கண்ணாடியில் மோதித் திரும்பும்படி வைத்தால் இலை மெல்ல அசையும், அவ்வளவே வேண்டும். முன்பக்கம் கீழே ஒரு வலைத் திறப்பு, பின்பக்கம் மேலே இன்னொன்று இருந்தால், விளக்குச் சூட்டில் எழும் காற்று மேலே வெளியேற, கீழிருந்து புதுக் காற்று தானே நுழையும். செடி வைப்பதற்கு முன் ஊதுபத்தி ஒன்றைக் கீழ்த் திறப்பின் அருகே பிடித்துப் பார்க்கலாம். புகை உள்ளே இழுபட்டு, மூலைகளில் தேங்காமல் மேலே போனால் அமைப்பு சரி. மூலையில் நின்றால், அழுகல் தொடங்கப்போகும் இடம் அதுதான். வயர் மட்டும் பிளக்கின் மட்டத்துக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிவிட்டு மேலேற வேண்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பனிமூட்டம் எழுப்பும் ஃபாகர் கருவி பார்க்க அழகு. மலைமேல் மேகம் இறங்கியதுபோல் இருக்கும். ஆனால் அது தண்ணீர் விடுவதற்கு ஈடாகாது. வேர் முழுசாக நனையாது. அதில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் இலையெல்லாம் வெள்ளைப் பொடி படியும். விருதுநகர் மாவட்டத்துப் போர்த் தண்ணீர் பல ஊர்களில் எவ்வளவு கடினம் என்பது, பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு சுரண்டுகிற எல்லோருக்கும் தெரியும். அதே சுண்ணாம்புதான் தெளிப்பு முனையையும் அடைக்கிறது. ஆர்ஓ எந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஆர்க்கிட்டுக்கு ஊற்றுவது நல்லெண்ணம்தான். ஆனால் அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். அதைக் கொண்டு வாசல் கழுவலாம். செடிக்கு ஆர்ஓவின் நல்ல தண்ணீர், அதைவிட மேல் மழைத் தண்ணீர்.

எத்தனை தடவை தெளிப்பது? காலை ஏழு மணிக்கு வேர் பச்சையாகும் வரை ஒரு முறை. இரண்டு மணி நேரத்தில் இலை காய்ந்துவிட வேண்டும். சித்திரை வெயிலிலும் ஆடிக் காற்றிலும் முற்பகலில் இன்னொரு முறை தேவைப்படும். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்கூடப் போதும். அப்போதும் விசிறி நிற்கக் கூடாது.

வாண்டாவைப் பெட்டியில் அடைக்க வேண்டாம், அது தோப்புக்கே உரியது. காட்டிலிருந்து எதையும் பிடுங்கி வரவும் கூடாது. லூடிசியா போன்ற இலையழகு ஆர்க்கிட்களும் குட்டி வகைகளும் நர்சரிகளில் கிடைக்கின்றன.

மாம்பழக் காலத்தில் மட்டும் இன்னொரு கவனம். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் வைக்கோலில் பழுத்துக்கொண்டிருக்கும் அறையில் பெட்டியை வைத்தால், பழம் விடும் எத்திலீன் வாயு பட்டு ஆர்க்கிட் மொட்டுகள் மஞ்சளாகி உதிரும். அந்தக் காலம் முழுவதும் பழம் ஓர் அறையில், பெட்டி வேறோர் அறையில்.