விரல்நுனியில் இரு மொழிகள்

நவி மும்பையைச் சேர்ந்த கோபர்கைரனேயில், ஒரு தமிழ்க் குடும்பத்தில் பார்வையற்ற குழந்தை ஒன்று வளர்வதாகக் கொள்வோம். வீட்டில் தமிழ், பள்ளியில் மராத்தி. எம்மொழியில் எழுத்தறிவிப்பது?

பார்வையுள்ள குழந்தை இரு வரிவடிவங்களைத் தனித்தனியே கற்க வேண்டும். தமிழ்க் ககரத்திற்கும் தேவநாகரிக் ககரத்திற்கும் வடிவ ஒற்றுமை இல்லை. பிரெயிலிலோ இரண்டும் ஒன்றே: முதற்புள்ளியும் மூன்றாம் புள்ளியும்.

இது தற்செயலன்று. முன்னர் நாட்டில் பல பிரெயில் முறைகள் வழங்கின. ஒரு வட்டாரத்து நூல் மற்றொரு வட்டாரத்தில் பயன்படவில்லை. 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில், இந்திய மொழிகளில் ஓரொலிக்குப் பெரும்பாலும் ஒரே குறியை வகுத்தது. மும்பையில் தாதர் பள்ளி 1900இலும் விக்டோரியா நினைவுப் பள்ளி 1902இலும் தோன்றியவை. பாளையங்கோட்டைப் பள்ளி 1890இலேயே தோன்றியது. பொதுமுறைக்கு அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது.

கற்பித்தலுக்குத் தமிழ் எளிதாகவே இடந்தருகிறது. உயிரெழுத்தின் குறியே உயிர்மெய்யிலும் மெய்யை அடுத்து வருகிறது. அச்சில் ‘கொ’ என்பதன் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கும். பிரெயிலில் ககரம், பின் ஒகரம், அவ்வளவே. புள்ளிக்கு மட்டும் நான்காம் புள்ளி மெய்க்கு முன்னே இடப்படும். எனவே 247 எழுத்துகளுக்கு ஏறத்தாழ 32 குறிகள் போதும். உளுந்தையும் கடலையையும் விரலால் பிரித்தறியும் பழக்கம் இவற்றிற்கு முன்னே வர வேண்டும். எழுதுவதே கடினம்: தாளின் பின்புறம் வலமிருந்து இடமாகக் குத்தி, திருப்பிய பின் இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். பனையோலைக் காலத்து எழுத்தாணி என்ற சொல் இக்கருவிக்கு நன்கு பொருந்தும்.

பேசும் கருவிகள் வந்தபின் பிரெயில் எதற்கு என்று கேட்போர் உளர். அரமும் அறமும், மனமும் மணமும் பலரது பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. செவிவழி மட்டும் கற்ற மாணவர் தேர்வுத்தாளில் எதை எழுதுவார்? கேட்டறிவு வேறு, எழுத்தறிவு வேறு.

மராத்திப் பிரெயில் பயின்ற நம் குழந்தைக்குத் தமிழுக்கெனக் கூடுதலாகத் தேவைப்படுபவை சிலவே: குறில் எகரம், ஒகரம், ழகரம், றகரம், னகரம் போன்றவை. பிரெயில் அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அமர்த்துமாறு 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கூறுகிறது. எம்மொழிப் பிரெயில் என்று கூறவில்லை. மராத்தி வகுப்பில் அச்சில குறிகளைக் கற்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை மாநில அலுவலர்களே வரையறுக்க வேண்டியுள்ளது.