வளர்க்க முடியாத கிருமி



துவரம்பருப்பில் கேசரிப்பருப்பு கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் என்ன செய்கிறோம்? ஒரு பிடி எடுத்து முறத்தில் பரப்பிப் பார்க்கிறோம். மூட்டையில் இருக்கும்போது தெரியாத கலப்பு, பரப்பியதும் தெரிந்துவிடுகிறது. நோய்க்கிருமிகளை இனம் பிரிக்கும் விஞ்ஞானமும் இந்த வழியில்தான் வளர்ந்தது. வேறு எந்த இனமும் கலவாமல் ஒரே இனக் கிருமியை மட்டும் தனியே வளர்த்தெடுப்பதற்குத் 'தூய வளர்ப்பு' என்று பெயர்.

கடல்பாசி செய்த உதவி

ஒரு துளி சளியில்கூடப் பல இனக் கிருமிகள் இருக்கும். அவற்றைத் திரவத்தில் வளர்த்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். கெட்டியான பரப்பில் பரவலாகத் தேய்த்தால், தனித்து விழுந்த கிருமி அங்கேயே பெருகிச் சிறு புள்ளியாகத் தெரியும். ஒரு புள்ளி என்றால் ஒரே இனம். ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் இதற்கு வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டையும், பிறகு ஜெலட்டினையும் பயன்படுத்தினார். உடல் சூட்டிலேயே ஜெலட்டின் உருகிவிட்டது.

காக்கிடம் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே ஒரு வழி சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த நண்பர் மூலம் அவர் அறிந்திருந்த சமையல் பொருளே அகர்-அகர். நம் கடைகளில் நோன்புக் காலத்தில் கேட்டு வாங்கிப் போகிறார்களே, அதே கடல்பாசிதான்! சுமார் 85 டிகிரி சூட்டில் உருகும் இது, ஆறி உறைந்த பின் உடல் சூட்டில் உருகுவதில்லை. இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்க்கும் தட்டுகளில் இதுவே இருக்கிறது.

1882-இல் காக் காசநோய்க் கிருமியை, உறையவைத்த இரத்தநீரில் தனியே வளர்த்துக் காட்டினார்.

பிடி கொடுக்காத ஒன்று

தொழுநோய்க் கிருமியை அதற்கு 9 ஆண்டுகள் முன்பே, 1873-இல், நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் கண்டறிந்துவிட்டார். ஆனால் இன்றுவரை அதை எந்தத் தட்டிலும் யாராலும் தூய வளர்ப்பாக வளர்க்க முடியவில்லை. தனித்து வாழத் தேவையான மரபணுக்கள் பலவற்றை அது இழந்துவிட்டது என்பது 2001-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. சொந்த முதல் இல்லாமல் பிறர் கடையிலேயே காலம் தள்ளுபவரைப் போல, உயிருள்ள உடலின் செல்லுக்குள் ஒட்டிக்கொண்டுதான் அது பெருகுகிறது. சாதாரணக் குடல் கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். இதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும்.

எனவே ஆய்வாளர்கள் வேறு வழி தேடினார்கள். 1960-இல் எலியின் பாதத்திலும், 1971-இல் அர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கிலும் இக்கிருமியைப் பெருக்கினார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று எலியின் பாதத்தில் பார்த்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும்.

இந்தப் பொறுமையான பணியில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் இருந்தது. அதை 1955-இல் மத்திய அரசு ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் வணிகர்களும் நன்கு அறிந்த இடம்தான் அது.

கல்லாவில் இருப்பவர் கவனத்துக்கு

உலக சுகாதார நிறுவனம் 1981-இல் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 6 முதல் 12 மாதம் மருந்து சாப்பிட்டால் நோய் குணமாகும். சிகிச்சை தொடங்கியதும் பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். சிகிச்சை பெறாத நோயாளியுடன் நீண்ட காலம் நெருங்கிப் பழகினால்தான் பரவும். அப்போதும் பெரும்பாலோருக்கு இயற்கையான எதிர்ப்புச் சக்தி உண்டு. கைகுலுக்குவதாலோ, பக்கத்தில் அமர்வதாலோ, சேர்ந்து உண்பதாலோ பரவாது. அப்படியிருக்க, விரல் மடங்கிய ஒருவர் நீட்டும் காசைக் கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொல்வது எதற்கு? பல நேரங்களில் அவர் என்றோ குணமானவர். மடங்கிய விரல் பழைய நோயின் தழும்பு மட்டுமே.

நம் கடைப் பையனின் தோலில் வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சியற்ற தேமல் இருந்தாலோ, சூடான சட்டி பட்டும் கை உணராவிட்டாலோ, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். மருந்து இலவசம். வேலை போய்விடும் என்று பயந்தால் அவன் தேமலைச் சட்டைக்குள் மறைப்பான். மறைத்த ஒவ்வொரு மாதமும் நரம்பு கெடும், கை முடங்கும். "வேலை உனக்கு இருக்கிறது, போய்க் காட்டிவிட்டு வா" என்று முதலாளி சொல்லும் ஒரு வார்த்தை அந்தக் கையைக் காப்பாற்றும்.

இந்தியாவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக இந்நோய் குறைந்ததாக 2005-இல் அறிவிக்கப்பட்டது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டமும் 2016-இல் நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து போன விலக்கல் நம் கல்லாப்பெட்டியின் முன்னாலிருந்தும் போக வேண்டும்.