‘பாசிட்டிவ்’ வந்த டிரைவருக்கு இனி ஸ்டீயரிங் கிடையாதா?

அமெரிக்க நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் இலவசமாகக் கிடைப்பது சட்ட ஆலோசனை. டீசல் நிரம்பும் நேரத்துக்குள் ஒருவர் சொல்லிவிடுவார்: “ஒரு தரம் போதைப்பொருள் டெஸ்டில் ஃபெயில் ஆனால் அவ்வளவுதான், வேறு தொழில் பார்.” அடுத்த பம்பில் நிற்பவர் அதை மறுப்பார்: “பக்கத்து மாநிலத்தில் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு ஓட்டு, யார் கேட்கப்போகிறார்கள்?” இரண்டுமே தப்பு. ஆனால் முதல் ஆலோசனைதான் அதிகம் பேரைக் கெடுத்திருக்கிறது என்பது என் கணிப்பு. 2024 கடைசியில் அமெரிக்க அரசின் தடைப் பட்டியலில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட டிரைவர்கள் இருந்தார்கள். திரும்பி வருவதற்கான முதல் அடியைக்கூட அவர்களில் பெரும்பாலோர் எடுத்து வைக்கவில்லை. தொழில் அலுத்து விலகியவர்களும் அதில் இருப்பார்கள்தான். வழி இருப்பதே தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேரோ!

இதைத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. டொரண்டோ பக்கம் டிரக் ஓட்டிப் பிழைக்கும் தமிழர்கள் உண்டு. எல்லை தாண்டி டெட்ராய்ட் பக்கம் சரக்கு கொண்டுபோகும் கனடா டிரைவருக்கும் அமெரிக்க விதிதான். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி செல்லும் என்பது எல்லைப் பாலத்தின் கனடாப் பக்கத்தோடு முடிந்துவிடும்.

“வாழ்நாள் தடை”

அப்படி எதுவும் சட்டத்தில் இல்லை. 1987 ஜனவரியில் மேரிலாண்டில் ஆம்ட்ராக் பயணிகள் ரயிலின் பாதையில் சரக்கு ரயில் எஞ்சின்கள் புகுந்து 16 பேர் இறந்தார்கள். அந்த எஞ்சின்களை ஓட்டியவர் கஞ்சா புகைத்திருந்தார். 1991இல் நியூயார்க் சுரங்க ரயில் விபத்தில் 5 பேர் இறந்தார்கள், ஓட்டுநர் குடித்திருந்தார். அந்த ஆண்டே வந்த சட்டம்தான் இன்றைய சோதனைகளுக்கெல்லாம் அடிப்படை. 26,001 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 11,800 கிலோவும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு சி.டி.எல். என்னும் வணிக லைசென்ஸ் வேண்டும். அதை வைத்து ஓட்டுபவர் சோதனையில் தோற்றால் உடனே வண்டியிலிருந்து இறக்க வேண்டும். வேலைக்குத் திரும்புவதற்கான நடைமுறையை அவர் முடிக்கும்வரை ஏற்றக் கூடாது. சட்டம் சொல்வது இவ்வளவுதான். மூன்று வருடம், ஏழு வருடம் என்ற கெடு எதுவும் அதில் கிடையாது. வேலையை விட்டு நீக்கு என்றுகூட அது சொல்வதில்லை. நீக்குவதும் வைத்துக்கொள்வதும் கம்பெனியின் இஷ்டம்.

டிரக்கை வைத்துப் போதைப்பொருள் கடத்தி மாட்டினால் அது வேறு கதை. அதற்கு நிஜமாகவே வாழ்நாள் தகுதியிழப்பு உண்டு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால் வரும் வினைதான் பாதி.

“வேறு கம்பெனிக்குப் போனால் தெரியாது”

2020 ஜனவரி 6க்கு முன்பு இதில் கொஞ்சம் உண்மை இருந்தது. புதுக் கம்பெனி பழைய கம்பெனிகளுக்கு எழுதிக் கேட்கும். டிரைவர் ஒரு கம்பெனியின் பெயரையே மறைத்துவிட்டால் விஷயமும் மறைந்துவிடும். அந்தத் தேதியில் மத்திய அரசின் ‘கிளியரிங்ஹவுஸ்’ பதிவேடு செயல்படத் தொடங்கியது. பாசிட்டிவ் வந்ததும் அதில் ஏறும், சோதனைக்கு மறுத்ததும் ஏறும். ஆள் எடுக்கும் முன் ஒவ்வொரு கம்பெனியும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். டிரைவர் சம்மதம் கொடுத்தால்தான் பார்க்க முடியும். சம்மதம் கொடுக்காவிட்டால் வண்டி கொடுக்க முடியாது.

பக்கத்து மாநில லைசென்ஸ் கதைக்கும் 2024 நவம்பர் 18 அன்று முற்றுப்புள்ளி விழுந்தது. பதிவேட்டில் தடை இருந்தால் மாநில லைசென்ஸ் அலுவலகம் 60 நாளுக்குள் சி.டி.எல். உரிமையைப் பிடுங்கிவிட வேண்டும். கார் ஓட்டும் சாதாரண லைசென்ஸ் மட்டும் மிஞ்சும்.

“எங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரி” முதல் கசகசா வரை

மாநிலம் அனுமதித்தாலும் சோதனை மத்திய போக்குவரத்துத் துறையுடையது. மருத்துவக் கஞ்சாவுக்கு டாக்டர் கொடுத்த அட்டையும் செல்லாது. கஞ்சா மீதான சட்டப் பிடியைத் தளர்த்த 2024இல் ஒரு முன்மொழிவு வந்ததும், “இனி டெஸ்ட் கிடையாது” என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். துறையோ, விதி மாறும்வரை சோதனையும் மாறாது என்று சொல்லிவிட்டது. பதிவேட்டில் ஏறும் பாசிட்டிவ்களில் பாதிக்கு மேல் கஞ்சாதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

முதுகுவலிக்குக் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெய் தடவியவர், சப்பியவர் கதையும் அப்படியே. டப்பாவில் போதை இல்லை என்று அச்சடித்திருக்கலாம். சோதனையில் கஞ்சாவின் போதைச் சத்து தெரிந்தால், சி.பி.டி. சாப்பிட்டேன் என்பது காரணமாகாது என்று துறை 2020 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது.

“பக்கத்தில் இருந்தவன் புகைத்தான்”, “கேக்கில் எதையோ கலந்துவிட்டார்கள்” என்பவர்களுக்காக விதிப்புத்தகத்தில் தனி இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். விருந்தில் பானத்தில் மாத்திரை கலந்தார்கள், தெரியாமல் கஞ்சா பிரவுனி தின்றேன், கொக்கைன் புகைப்பவர்களோடு கண்ணாடி ஏற்றிய காரில் போனேன் ஆகிய மூன்றையும் உதாரணம் காட்டி, உண்மையாகவே நடந்திருந்தாலும் இவற்றை மருத்துவக் காரணமாக ஏற்காதே என்று, சோதனை முடிவைச் சரிபார்க்கும் டாக்டருக்குக் கட்டளை போட்டிருக்கிறது அந்தப் புத்தகம். எழுதியவர் நிறையக் கதை கேட்டவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்தச் சாக்குகளில் ஓரளவு நியாயம் இருப்பது ஒன்றுக்குத்தான், அதுவும் நம் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. குருமாவுக்கு அரைக்கும் கசகசா அபினிச் செடியின் விதை. அதில் மார்ஃபின் ஒட்டியிருக்கும் என்பது கட்டுக்கதையல்ல. இதற்காகத்தான் 1998இல் மார்ஃபினுக்கான வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000க்கு உயர்த்தினார்கள். அதைத் தாண்டினாலும் 15,000க்குள் இருந்தால், சட்டவிரோதமாகப் பயன்படுத்தியதற்கு உடலில் வேறு அடையாளம் இருக்கிறதா என்று டாக்டர் பார்த்த பிறகே பாசிட்டிவ் என்று சொல்லலாம். 15,000ஐத் தொட்டால் குருமா காப்பாற்றாது.

“டீடாக்ஸ் பானம் குடித்தால் தப்பிக்கலாம்”

சோதனை அறைக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு இதை நம்புவதா என்று முடிவு செய்யலாம். கழிப்பறைத் தொட்டித் தண்ணீரில் நீலச் சாயம் கலந்திருக்கும். அதை மொண்டு கலக்க முடியாது. கோட்டு, பை எல்லாம் வெளியே. கோப்பையில் குறைந்தது 45 மில்லி வேண்டும். வாங்கிய நான்கு நிமிடத்துக்குள் கோப்பையின் வெப்பப் பட்டையைப் பார்ப்பார்கள். 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இல்லையென்றால் அடுத்த சோதனை அங்கேயே, ஒருவர் நேரில் பார்த்துக்கொண்டிருக்க நடக்கும். ‘நேரில் பார்ப்பது’ என்றால் பேச்சுக்கு அல்ல. சட்டையைத் தொப்புளுக்கு மேல் தூக்கி, கால்சட்டையைத் தொடைப் பாதிவரை இறக்கி, செயற்கைக் குழாய் எதையும் கட்டியிருக்கவில்லை என்று திரும்பிக் காட்ட வேண்டும். அதன் பிறகு சிறுநீர் கோப்பையில் விழுவதை அந்த ஆள் கண்ணால் பார்ப்பார்.

பானம் செய்வதெல்லாம் சிறுநீரை நீர்க்க வைப்பதுதான். ஆய்வகம் கிரியேட்டினினை அளக்கிறது. அது அளவுக்கு மீறிக் குறைந்தால், மனிதச் சிறுநீரே இல்லை என்று முடிவுகட்டி ‘மறுப்பு’ என்று பதிவார்கள். கடையில் விற்கும் செயற்கைச் சிறுநீருக்கும் அதே கதிதான். சட்டத்தின் கண்ணில் மறுப்பும் பாசிட்டிவும் ஒன்று. காசு கொடுத்துக் குற்றத்தை வாங்குவது என்றால் இதுதான்.

“ஃபோன் வந்தால் எடுக்காதே”

இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. ஆய்வக முடிவு நேராகக் கம்பெனிக்குப் போவதில்லை, எம்.ஆர்.ஓ. எனப்படும் மருத்துவரிடம் போகும். அவர் டிரைவரைக் கூப்பிட்டு, மருந்துச் சீட்டு எதுவும் இருக்கிறதா என்று கேட்பார். முறையான சீட்டுள்ள மருந்து என்று தெரிந்தால் முடிவு நெகட்டிவாகவே போகும். கூப்பிடச் சொல்லித் தகவல் வந்தும் 72 மணி நேரத்துக்குள் பேசாவிட்டால், பேட்டி இல்லாமலே பாசிட்டிவ் என்று உறுதி செய்துவிடலாம். தெரியாத நம்பர் என்று விட்டுவிட்டு வேலையையும் விட்டவர்கள் உண்டு.

இன்னொரு 72 மணி நேரமும் இருக்கிறது. சிறுநீரை இரண்டு குப்பியில் பிரித்து அனுப்புகிறார்கள். பாசிட்டிவ் என்று டாக்டர் சொன்னதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் கேட்டால் இரண்டாவது குப்பியை வேறு ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். கையில் காசு இல்லை என்பதற்காக அதை நிறுத்தி வைக்க முடியாது.

“எஸ்.ஏ.பி. கையெழுத்து போட்டால் வேலை கிடைத்துவிடும்”

நம்பிக்கையோடு வரும் டிரைவர் தடுக்கி விழுவது இங்கேதான். எஸ்.ஏ.பி. என்பவர் போதைப் பழக்கத்தை மதிப்பிடத் தகுதி பெற்ற நிபுணர். டிரைவர் பதிவேட்டுக்குள் போய் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் மதிப்பிட்டு வகுப்பு அல்லது சிகிச்சை, சில சமயம் இரண்டையும் எழுதிக்கொடுப்பார். எதுவும் வேண்டாம் என்று அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை. அவர் சொன்னது கடுமையாக இருக்கிறது என்று இன்னொருவரிடம் போய்ச் சுளுவான தீர்ப்பு வாங்கவும் முடியாது. முடித்ததும் மறுபடி பார்த்து, ‘திரும்பும் சோதனைக்குத் தகுதி’ என்று பதிவார். செலவு பெரும்பாலும் டிரைவர் பையிலிருந்துதான். கம்பெனி கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

இதோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பதிவேட்டில் இன்னும் ‘தடை’தான் இருக்கும். அதை நீக்குவது அந்தத் திரும்பும் சோதனையின் நெகட்டிவ் முடிவு மட்டுமே. அந்தச் சோதனைக்கு டிரைவர் தானாகப் போய்க் கொடுக்க முடியாது. வேலை கொடுக்கப்போகும் கம்பெனி அனுப்ப வேண்டும். சொந்தப் பெயரில் அனுமதி வாங்கி ஓட்டும் ஓனர்-ஆபரேட்டர்களுக்கு மட்டும் அவர்கள் சேர்ந்திருக்கும் சோதனை நிர்வாக நிறுவனம் இதைச் செய்யும். மற்றவர்கள் நிலை: தடை நீங்க வேலை வேண்டும், வேலைக்குத் தடை நீங்க வேண்டும். கம்பெனி வெப்சைட்டில் விண்ணப்பம் போட்டால் ‘தடை’ என்ற ஒரு சொல்லைப் பார்த்துக் கணினியே தள்ளிவிடும்.

ஆகவே விண்ணப்பத்தை விட ஃபோன் மேல். “நான் எஸ்.ஏ.பி. முடித்தவன், சோதனைக்கு நீங்கள் அனுப்புவீர்களா?” என்று ஆள் எடுப்பவரிடம் முதல் வாக்கியத்திலேயே கேட்டுவிட வேண்டும். டிரைவர்கள் ‘எஸ்.ஏ.பி. ஃப்ரெண்ட்லி’ என்று சொல்லும் கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு அந்தப் பட்டியலைத் தருகிறேன் என்பவரிடம் கவனம். தயங்கும் கம்பெனிகளை முழுக்கக் குறை சொல்லவும் மாட்டேன்: இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார், இந்த டிரைவருக்கான கூடுதல் சோதனைகளை நடத்தும் பொறுப்பும் கம்பெனி தலையில் விழும். பழைய வேலையை நல்லபடி செய்தவர் என்றால் பழைய முதலாளியிடமே முதலில் கேட்பது நல்லது. தெரிந்த ஆளை நம்புவது அவருக்குச் சுலபம்.

விண்ணப்பத்தில் மறைப்பது மட்டும் வேண்டாம். கடந்த இரண்டு வருடத்தில் வேலைக்கு முந்தைய சோதனையில் தோற்று வேலை கிடைக்காமல் போனதுண்டா என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும்.

இடைப்பட்ட மாதங்களில் சாப்பாட்டுக்கு? 26,000 பவுண்டுக்கு உட்பட்ட பாக்ஸ் டிரக், டெலிவரி வேன் ஆகியவற்றுக்கு சி.டி.எல். வேண்டாம், இந்த மத்தியத் தடை அவற்றைத் தொடாது. கிடங்கு, ஃபோர்க்லிஃப்ட், டிஸ்பாட்ச் மேசை எல்லாம் திறந்தே இருக்கின்றன, அந்தந்த முதலாளி ஒத்துக்கொண்டால்.

“முடிச் சோதனையில் தோற்றாலும் பதிவேட்டில் ஏறும்”

ஏறாது. ஜே.பி. ஹண்ட் போன்ற பெரிய கம்பெனிகள் சிறுநீரோடு தலைமுடியையும் சோதிக்கின்றன. ஒன்றரை அங்குல முடி சுமார் 90 நாள் வரலாற்றைச் சொல்லும். இதையும் அரசுச் சோதனையாக்க 2015 சட்டம் வழி திறந்தது, ஆனால் முடி முடிவுகளைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று பெரிய கம்பெனிகள் கேட்டதை அரசு 2022இல் மறுத்துவிட்டது. அரசு ஏற்கும்வரை முடிச் சோதனை அந்தக் கம்பெனியின் சொந்த விவகாரம். முடியில் தோற்றவர் சட்டப்படி தடைபட்டவரல்ல. சிறுநீர் மட்டும் கேட்கும் கம்பெனியில் அடுத்த நாளே சேரலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் எஸ்.ஏ.பி.யைத் தேடி அலைபவர்களுக்கு யாராவது சொல்லுங்கள்.

“திரும்பிச் சேர்ந்தால் பழைய கணக்கு அழிந்துவிடும்”

ஓட்டலாம், அழியாது. முதல் 12 மாதத்தில் குறைந்தது ஆறு முறை முன்னறிவிப்பின்றிக் கூப்பிடுவார்கள், எல்லாம் நேரில் பார்க்கும் சோதனைதான். எஸ்.ஏ.பி. நினைத்தால் இதை 60 மாதம்வரை நீட்டலாம். எத்தனை, எப்போது என்ற அட்டவணை கம்பெனியிடம்தான் இருக்கும். டிரைவர் தன் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கினாலும் அந்தப் பகுதியை மறைத்துத்தான் தருவார்கள். எல்லாரையும் குலுக்கிக் கூப்பிடும் வழக்கமான சோதனை இதற்கு மேல் தனி. பதிவேட்டில் குறிப்பு ஐந்து வருடம் இருக்கும். தொடர் சோதனைத் திட்டம் அதற்குள் முடியவில்லை என்றால் முடியும்வரை. கம்பெனி மாறினால் திட்டமும் கூடவே வரும். பாதியில் டிரக்கை விட்டுவிட்டு இரண்டு வருடம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்தாலும், விட்ட இடத்திலிருந்துதான் எண்ணுவார்கள்.